ஆறாவது தடவை கத்தினால்தான் நகர்கிறான்: பிள்ளைகள் மேல் வரும் கோபத்துக்கு ஒரு பதில்

கேள்வி: "மகனுக்கு 6 வயது, மகளுக்கு இரண்டரை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் ஆறரைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஒன்பதரை வரை ஒரே போராட்டம். ஒரு விஷயத்தைப் பத்துத் தடவை சொன்னாலும் பையன் கேட்பதில்லை. சின்னவள் தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். கத்திவிடுகிறேன். சில நாள் கை நீண்டுவிடுகிறது. அவர்கள் தூங்கிய பிறகு உட்கார்ந்து அழுகிறேன். நான் மோசமான அம்மாவா? இந்தக் கோபத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?"

முதல் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. மோசமான அம்மா இரவில் உட்கார்ந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க மாட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெற்றவர்களுக்குக் கோபம் வராமல் இருக்காது. ஆனால் தினமும் கத்தலில் முடிகிற சாயங்காலம் உங்களையும் தேய்க்கிறது, பிள்ளைகளையும் தேய்க்கிறது. இதை மாற்ற முடியும். கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது நேரம்தான். ஆறரை முதல் ஒன்பதரை வரை. காலையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இல்லை. அப்படியென்றால் பையனின் குணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், அந்த மூன்று மணி நேரத்துக்குள் அவன் எந்த நிலையில் வந்து நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். காலையில் வேன் பிடித்து, நாள் முழுவதும் பெஞ்சில் அடங்கி உட்கார்ந்து, பேசாதே, ஓடாதே என்று கேட்டு வந்திருக்கிறான். மதியம் டப்பாவில் எவ்வளவு மிச்சம் வந்தது என்று பாருங்கள். நாலு மணிக்கு நாலு பிஸ்கட். ஆறரைக்குப் பசி. ஆனால் 'பசிக்குது' என்று அவன் சொல்லமாட்டான், தங்கச்சியைத் தள்ளிவிடுவான். அந்த வயதில் பசியும் களைப்பும் பெரும்பாலும் சேட்டையாகத்தான் வெளியே வரும்.

தூக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 6 வயதிலிருந்து 12 வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. இரண்டு வயதுக்காரருக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்படுகிற பையனுக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. பெரியவர்களுக்குத் தூக்கம் போதாவிட்டால் அசந்து போவோம். சின்னப் பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறு. ஆட்டம் கூடும், சிணுங்கல் கூடும், சொன்னது காதில் ஏறாது. நாம் 'அடம்' என்று பெயர் வைக்கிறதில் ஒரு நல்ல பங்கு தூக்கக் கடன்.

அதனால் முதல் வாரம் பையனைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு, கடிகாரத்தை மட்டும் மாற்றுங்கள். ஐந்தரைக்குள் சுண்டலோ, வாழைப்பழமோ, காலையில் மிஞ்சிய இட்லியைப் பொடி தடவியோ, வயிறு நிரம்புகிற ஏதாவது ஒன்றைக் கொடுக்கச் சொல்லி மாமியாரிடம் கேளுங்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. ஹோம்வொர்க் அதற்கு முன்னால் கால் மணி நேரம், முடியாதது காலையில். எட்டரைக்கு விளக்கை அணைப்பது இலக்கு. முதல் நாளே எட்டரைக்கு வராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் நகர்த்தினால் போதும். நீங்களும் மூன்று மணி டீக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல்தான் ஆறரைக்கு வந்து சேர்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பஸ்ஸிலேயே கொஞ்சம் கடலை மிட்டாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நடத்தப் போகிற ஆள் நீங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக சமையலறைக்குப் போகாதீர்கள். பையைக் கீழே வைத்து, போனைத் தள்ளி வைத்து, பத்து நிமிடம் தரையில் உட்காருங்கள். அவர்கள் என்ன விளையாடுகிறார்களோ அதில் சேர்ந்துகொள்ளுங்கள். "இன்னைக்கு டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?" வேண்டாம். "அது பச்சை இல்ல, நீலம்" என்கிற திருத்தம்கூட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970-களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை சிகிச்சை முறையில் தினமும் ஐந்து நிமிடம் இப்படிக் குழந்தை போகிற போக்கில் விளையாடுவதுதான் பெற்றோருக்குக் கொடுக்கப்படும் முதல் வீட்டுப் பாடம். கீழ்ப்படியவைக்கும் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். நாள் முழுக்க அம்மாவுக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு உங்கள் கவனம் எப்படியாவது வேண்டும். அமைதியாக இருந்தால் கிடைக்காது, தங்கச்சியை அடித்தால் உடனே கிடைக்கும் என்றால், அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இதையெல்லாம் செய்தாலும் பத்துத் தடவை சொல்கிற சிக்கல் தானாகப் போகாது. அதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டால்தான் அதிலிருந்து வெளியே வர முடியும்.

ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, பெற்றோரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் என்ன சொல்கிறார்கள், அடுத்த நொடி என்ன நடக்கிறது என்று வரிசையாகக் குறித்துப் பார்த்தார்கள். பல ஆண்டு வேலை. 1982-இல் பாட்டர்சன் அதைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். அவர் கண்டது, கெட்ட பெற்றோரும் இல்லாமல் கெட்ட பிள்ளையும் இல்லாமல், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மோசமான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிற ஒரு சுழல்.

உங்கள் வீட்டிலேயே அது எப்படி ஓடும் என்று பாருங்கள். நீங்கள் அடுப்படியில் நின்று தோசை ஊற்றிக்கொண்டே, "கண்ணா, டிவியை ஆஃப் பண்ணிட்டு வா" என்கிறீர்கள். பதில் இல்லை. "டேய், உன்னைத்தான்." "இதோ வரேம்மா." தோசை திரும்புகிறது. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது தடவை குரல் உயர்கிறது. ஆறாவது தடவை கரண்டியோடு ஹாலுக்கு வந்து வீடே அதிரக் கத்துகிறீர்கள். அவன் எழுந்து ஓடி வந்து உட்காருகிறான்.

இந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்துவிட்டார்கள். முதல் ஐந்து தடவையும் ஒன்றும் ஆகாது, கரண்டி வரும்போது எழுந்தால் போதும் என்று அவன் கற்றுக்கொண்டான். அன்பாகச் சொன்னால் நடக்காது, கத்தினால் நடக்கும் என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். கத்தியதற்குப் பலனாக உடனே அமைதி கிடைத்துவிட்டதே! நாளைக்கு ஐந்தாவது தடவையிலேயே கத்துவீர்கள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தமும் அவனுக்குப் பழகிவிடும், இன்னும் பெரிய சத்தம் வேண்டியிருக்கும். அதற்கு மேல் சத்தம் இல்லாத இடத்தில்தான் கை நீள்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. போன் கேட்கிறான். "கிடையாது." சிணுங்குகிறான். "கிடையாதுன்னு சொன்னேன்ல." அழுகிறான். அதே நேரத்தில் ஆபீஸிலிருந்து கால். கொடுத்துவிடுகிறீர்கள். அழுகை நின்றது, உங்களுக்கு நிம்மதி. அழுதால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்போதாவது ஒரு தடவை கிடைத்தால்கூட அது போதும். தினமும் கிடைப்பதைவிட, எப்போதாவது கிடைப்பதற்காகத்தான் பிள்ளைகள் விடாமல் மோதுவார்கள்.

வெளியே வரும் வழி கடினம் இல்லை, ஆனால் கால் வலிக்கும். அறைக்கு அறை கூப்பிட்டுச் சொல்வதை நிறுத்துங்கள். சொல்ல வேண்டுமென்றால் அடுப்பை சிம்மில் வைத்து அவன் பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரே தடவை சொல்லுங்கள். "இந்த எபிசோடு முடிஞ்சதும் டிவி ஆஃப். சாப்பிட வரணும்." அங்கேயே நில்லுங்கள். முடிந்ததும் அவன் அணைக்காவிட்டால் நீங்கள் அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். திட்டு இல்லை, சொற்பொழிவு இல்லை. அவன் அழலாம், அழட்டும். ஆறு தடவைக் கத்தலுக்குச் செலவான நேரத்தைவிட இது குறைவுதான்.

இன்னொன்று, நின்று முடிக்க முடியாத உத்தரவை இடாதீர்கள். "இனி இந்த மாசம் பூரா போன் கிடையாது" என்று சொல்லி, மறுநாள் கொடுத்தால், உங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு போய்விடும். ஒரு நாளில் பிள்ளைக்கு நாம் இடுகிற உத்தரவுகளை எண்ணினால் நமக்கே மூச்சு முட்டும். இப்போதைக்கு இரண்டே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்கக் கூடாது, குறித்த நேரத்தில் படுக்க வேண்டும். சட்டையை மாட்டாமல் வீசினான், பருப்பைத் தள்ளி வைத்தான் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவன் ஒரு தடவையிலேயே எழுந்து வந்துவிட்டால் அதை விட்டுவிடாதீர்கள். "சொன்னதும் வந்துட்டியே, அம்மாவுக்கு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா" என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'குட் பாய்' என்று பொதுவாகச் சொல்வது அவ்வளவு ஒட்டாது. நம் வீடுகளில் பிள்ளை ஒழுங்காக இருக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, கெடுக்கும்போது மட்டும் வாயைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. நேரில் புகழ்ந்தால் கண்பட்டுவிடும், தலைக்கனம் வந்துவிடும் என்ற பயம். அப்படி ஒன்றும் ஆகாது.

ஒன்று எச்சரிக்கிறேன். அழுதால் போன் கிடைக்காது என்று நீங்கள் உறுதியாக நிற்க ஆரம்பித்த முதல் சில நாள் அழுகை முன்னைவிட அதிகமாகும். வழக்கமாக வேலை செய்த ஆயுதம் வேலை செய்யவில்லை என்றால் இன்னும் ஓங்கித்தானே வீசிப் பார்ப்பான். பெரும்பாலான பெற்றோர் "இது நம்ம புள்ளைக்கு ஒத்துவரல" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். அந்தச் சில நாளைத் தாண்டிவிடுங்கள்.

சின்னவள் விஷயம் வேறு. இரண்டரை வயதில் தரையில் புரள்வது நோயும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. ஆசை வந்துவிட்டது, அதைச் சொல்லச் சொல் போதவில்லை, காத்திருக்கத் தெரியவில்லை. ஆத்திரத்தை நிறுத்திப் பிடிக்கிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும். இரண்டரை வயதில் அது ஆரம்பமே. 'வேணும்னே பண்றா' என்ற நினைப்பு உங்கள் மனதில் ஓடுகிற நொடியில்தான் உங்கள் கோபம் இரட்டிப்பாகிறது. 'அவளால முடியல' என்று மாற்றி நினைத்துப் பாருங்கள். அதே அழுகைதான், உங்கள் தோள் இறங்குவது தெரியும். அவள் புரளும்போது விளக்கம் சொல்லாதீர்கள், காதில் ஏறாது. தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடங்கியதும் தூக்கிக்கொள்ளலாம். கேட்ட பொருளைக் கொடுக்க வேண்டாம்.

சரி, இவ்வளவு இருந்தும் கோபம் தலைக்கேறிவிட்டது, கை ஓங்கப் போகிறது. அப்போது?

அந்த நேரத்தில் பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். என் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இருக்கிறவரால் சொல்லித் தர முடியாது, பயந்து நிற்கிற பிள்ளையால் கற்றுக்கொள்ள முடியாது. அந்தச் சில நிமிடத்தில் உங்கள் வேலை யாருக்கும் அடிபடாமல் கடந்து போவது மட்டும். பாடம் நாளைக்கு.

உடம்பு முன்னாலேயே சொல்லிவிடும். சிலருக்குப் பல் கடிபடும், சிலருக்குக் காது சூடாகும், சிலர் பிள்ளையை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு எது என்று கண்டுபிடித்து வையுங்கள். அது வந்ததும் அடுப்பை அணையுங்கள். "அம்மாவுக்குக் கோபம் வருது. தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கோபத்தை வாய்விட்டுச் சொன்னாலே கொஞ்சம் தணியும், உங்களுக்கு என்ன ஆகிறது என்று பிள்ளைக்கும் புரியும். சின்னவளை மாமியார் கண்ணில் இருக்கும்படி விட்டுவிட்டு, பின்கட்டுக்கோ பால்கனிக்கோ போங்கள். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக, மெதுவாக விடுங்கள். நெஞ்சுத் துடிப்பு இறங்கும். தனியாக இருக்கிறீர்கள், நகர முடியாது என்றால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த ஆளுக்குக் கை ஓங்குவது கஷ்டம். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: அழுகை தாங்க முடியவில்லை என்றால் தொட்டிலில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். ஒருபோதும் பிடித்து உலுக்காதீர்கள். மூளையில் ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து.

அடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 'அடியாத மாடு படியாது' என்று வீட்டில் சொல்வார்கள். எலிசபெத் கெர்ஷாஃப் என்ற ஆய்வாளர் இன்னொருவரோடு சேர்ந்து 50 ஆண்டு ஆய்வுகளை, சுமார் 1,60,000 பிள்ளைகளின் தரவைத் தொகுத்து 2016-இல் வெளியிட்டார். புட்டத்தில் கையால் அடிக்கிற சாதாரண அடிதான் அதில் பேசப்பட்டது. அது அதிகக் கீழ்ப்படிதலோடு சேர்ந்து வரவில்லை, அதிக முரட்டுத்தனத்தோடும் மனச்சிக்கலோடும்தான் சேர்ந்து வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2018-இல் அடி மட்டுமல்ல, கத்துவதும் அவமானப்படுத்துவதும் வேண்டாம் என்று சொன்னது. நம் நாட்டிலும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முன்பின் தெரியாத ஆசிரியர் செய்யக்கூடாததைப் பெற்றவர்கள் செய்யலாம் என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 'உன்னைப் பெத்ததுக்கு', 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு' இரண்டையும் அடியோடு சேர்த்தே நிறுத்திவிடுங்கள்.

கத்திவிட்ட நாளில் இரவில் தனியாக அழுவதற்குப் பதில், அவன் தூங்குவதற்கு முன்னாலேயே சரி செய்யுங்கள். குழந்தை உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் தாய்களையும் கைக்குழந்தைகளையும் நுணுக்கமாகக் கவனித்து ஒன்று சொன்னார். நன்றாக இருக்கிற தாய்-சேய் ஜோடிகள்கூட ஒத்துப்போவது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் திரும்பச் சேர்வதும். அந்தத் திரும்பச் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்றுக்கொள்கிறது. படுக்கையில் பக்கத்தில் சாய்ந்துகொண்டு, "சாயந்திரம் அம்மா அடிச்சுட்டேன். அது தப்பு. தங்கச்சியைத் தள்ளக்கூடாதுங்கறது மாறாது. ஆனா அடிக்காம சொல்லியிருக்கணும்" என்றால் போதும். 'நீ அப்படிப் பண்ணதாலதான்' என்று சேர்க்காதீர்கள், அது மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வது. அவன் மேல் சாய்ந்து அழவும் வேண்டாம், உங்களைத் தேற்றும் பொறுப்பு 6 வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாது. மறுநாள் சாக்லேட் வாங்கி ஈடுகட்டுவதும் வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். நீங்கள் கண்டிக்கும்போது மாமியார், "புள்ளைய ஏன் இப்படி வாட்டுற" என்று இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். கோபம் பிள்ளையிலிருந்து அவர் பக்கம் திரும்பும், ஆனால் அவரிடம் காட்ட முடியாது, மறுபடி பிள்ளை மேல்தான் இறங்கும். அந்த நேரத்தில் பேசாதீர்கள். மறுநாள் காலை காபி நேரத்தில், "அத்தை, பகல் பூரா நீங்கதான் பார்க்கறீங்க, அது எனக்குத் தெரியும். சாயந்திரம் நான் அவனை ஒண்ணு சொல்றப்ப மட்டும் நடுவுல வராதீங்க. நான் பண்றது தப்புன்னா அப்புறம் என்கிட்ட தனியா சொல்லுங்க" என்று கேளுங்கள். கூடவே அஞ்சரை மணிச் சுண்டலையும் அவரிடமே ஒப்படையுங்கள். கணவரிடம் 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்றால் ஒன்றும் நடக்காது. ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். குளிப்பாட்டிப் படுக்கவைப்பது அவர், ஹோம்வொர்க் நீங்கள், அல்லது மாற்றி. விளையாடுவதற்கு மட்டும் அப்பா, கண்டிப்புக்கு மட்டும் அம்மா என்றால் அம்மா கத்திக்கொண்டேதான் இருப்பார்.

மூன்று நான்கு வாரம் இப்படிச் செய்தும் அசைவே இல்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறானா என்று கவனித்துச் சொல்லுங்கள், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் தூக்கம் கெட்டுப் பகலில் ஆட்டம் கூடும். ரத்தச்சோகையும், காது சரியாகக் கேட்காததும் 'சொன்னா கேக்கல' என்றே தெரியும். வீட்டில் மட்டுமில்லாமல் பள்ளியிலும், ஆறு மாதத்துக்கு மேலாக, ஓரிடத்தில் நில்லாமை, கவனம் சிதறுவது என்று இருந்தால் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ADHD) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை இலவசம்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், அல்லது உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அது கோபத்தைக் கட்டுப்படுத்துகிற விஷயம் இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு, ராத்திரி பதினொரு மணிக்கும் கூப்பிடலாம்.